கடைசி வீட்டுக் கதிர்

கொல்லிமலையில் நான் தொண்டு செய்ததாக யாரேனும் மேடையில் சொல்லும்போது தலையைத் தாழ்த்திக்கொள்வேன். அடக்கத்தால் அல்ல, கூச்சத்தால். அந்த மலையில் நான் செய்தது குறைவு. எனக்குச் செய்யப்பட்டது மிகுதி. நான் செய்தவற்றுள்ளும் முதலில் செய்தது ஒரு பிழை. ஓர் ஊரே அந்தப் பிழையைப் பொறுத்தது. நானாக உணரும்வரை காத்திருந்து, உணர்ந்தபின் அதற்குப் பரிகாரமும் சொல்லித் தந்தது. அதற்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலம் காளப்பநாயக்கன்பட்டிக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கிறது. ஆயினும் என் வாழ்வின் பெரும்பகுதி உழவில் கழியவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் சேகோ எனப்படும் ஜவ்வரிசி செய்யும் ஓர் ஆலைக்காக மரவள்ளிக் கிழங்கு வாங்கும் வேலையில் இருந்தேன். மலைமேல் விளையும் கிழங்கை லாரியில் ஏற்றி அடிவாரத்துக்கு அனுப்புவேன். நான் முதன்முதலில் மேலே சென்றபோது சரிவுகள் எல்லாம் சாமையும் கேழ்வரகுமாக இருந்தன. ஆண்டுக்கு ஒரு சரிவாக அவை கிழங்குக்கு மாறின. காரணம் கேட்டால் ஆண்கள் ஆலை கொடுக்கும் விலையைச் சொல்வார்கள். பெண்கள் தங்கள் உள்ளங்கையைக் காட்டுவார்கள். சாமையின் உமி அரிசியை விட்டு எளிதில் பிரியாது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பொழுது உலக்கை பிடிக்க வேண்டும். கிழங்குக்கு அந்தப் பாடு இல்லை. பிடுங்கினால் லாரியில் ஏற்றிவிடலாம். அந்த லாரியைக் கொண்டுபோனவன் நான்.

விடியலில் நீராடி, நீறணிந்து, பதிகம் ஓதிய பிறகே நான் எந்த வேலையையும் தொடங்குவது வழக்கம். எளியவர்க்கு எளியவனாய் நிற்கும் இறைவனை வாயாரப் பாடிவிட்டு, உடனே லாரிக்காரரோடு கிழங்கின் எடைக்கு வாதாடப் போவேன். இரண்டுக்கும் இடையில் ஏதோ பொருந்தாமை இருப்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தொண்ணூற்றேழில் ஆலை வேலையை விட்டேன். நண்பர் நால்வரோடு ஒரு சிறிய அறக்கட்டளை தொடங்கினேன். மலைப் பெண்களின் கையிலிருந்து உலக்கையை வாங்கி வைத்துவிட வேண்டும், அப்போது சாமை தானே சரிவுகளுக்குத் திரும்பும் என்பது எங்கள் எண்ணம். இரண்டு ஆண்டுகள் பல அலுவலகங்களின் படி ஏறினோம். முடிவில் சென்னையில் ஓர் உதவி அமைப்பு சாமை அரைக்கும் இயந்திரம் ஒன்றும் அதை ஓட்ட டீசல் என்ஜின் ஒன்றும் தந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மூன்று மாதத்துக்குள் ஊரார் அதைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். இல்லையெனில் அது வேறொரு மலைக்குப் போய்விடும். அங்கேயும் பெண்கள் காத்திருந்தார்கள் என்பதால் அந்த நிபந்தனையில் குறை காண இடமில்லை.

மலையூர்களின் தொகுதியை அங்கே நாடு என்பார்கள். திண்ணனூர் நாட்டில் பாதையோரமாக இருந்த ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தோம். ஓட்டுக் கொட்டகை ஒன்று எழும்பியது. அவ்வூர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். உலக்கை பிடித்துப் பிடித்து அவருக்கு வலத் தோள் தேய்ந்திருந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. கொட்டகைக்கு மண் சுமந்தவர்களில் அவரே முதல்வர். "மிசினு வந்துட்டா இந்தத் தோளுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ஓய்வு குடுத்துருவனுங்க" என்பார்.

திறப்பு விழா கார்த்திகைத் தொடக்கத்தில் நடந்தது. நாளைக் குறித்தது பஞ்சாங்கம் அல்ல. சென்னை அமைப்பின் அதிகாரிக்கு எந்த நாள் வாய்த்ததோ அந்த நாள். முந்தின நாள் தலைவியிடம், "அம்மிணி, புதுச் சாமை ஒரு பை வேண்டும்" என்று கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். விளக்கின் முன்னால் வைப்பதற்காகக் கேட்கிறேன் என்று எண்ணிக்கொண்டாராம், பின்னாளில்தான் சொன்னார். களத்திலிருந்து ஒரு பை வந்தது.

மறுநாள் விளக்கேற்றி, தேங்காய் உடைத்து, ஒரு பதிகம் முழுவதையும் பண்ணோடு பாடினேன். பிறகு அந்தப் பையை இயந்திரத்தின் வாயில் கொட்டினேன். என்ஜின் உறுமியது. உமி ஒரு பக்கமும் முத்துப் போன்ற அரிசி ஒரு பக்கமுமாக விழுந்தன. அதிகாரி படம் எடுத்தார். அந்த அரிசியிலேயே வெல்லப் பொங்கல் வைத்து, இறைவன் படத்துக்குப் படைத்து, எல்லோருக்கும் இலையில் கொடுத்தோம். நானும் அதிகாரியும் உண்டோம். ஊரார் இரு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். வெளியாள் முன்னால் உண்ணக் கூச்சப்படுகிறார்கள் போலும் என்று எண்ணினேன். குழந்தைகளின் கையிலிருந்த இலைகளைக்கூடத் தாய்மார் வாங்கிக்கொண்டதைப் பார்த்தேன்; பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதிகாரி சென்றபின் கொட்டகைக்குப் பின்புறம் போனேன். அங்கே பாறைமேல் இலைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. ஒருவர்கூட உண்ணவில்லை.

அன்று தொடங்கி எவரும் அந்த இயந்திரத்திடம் வரவில்லை. புதுச் சாமை களஞ்சியங்களில் இருந்தது. போன ஆண்டுச் சாமையைத்தான் குத்தி உண்டார்கள். அதையாவது கொண்டு வரக் கூடாதா என்று கேட்டேன். "ஆவட்டுங்க" என்றார்கள். கூட்டம் போட்டு இயந்திரத்தின் நன்மைகளை எடுத்துச் சொன்னேன். "ஆவட்டுங்க." சுவை மாறிவிடும் என்ற அச்சமோ என்று எண்ணி அதற்கும் ஒரு விளக்கம் தந்தேன். "ஆவட்டுங்க." கூலியே வேண்டாம் என்றேன். அதற்கும் அதே விடை. கொட்டகையில் இயந்திரம் சும்மா நிற்க, பத்தடி தள்ளித் தானியம் குத்தும் பாறைக்குழியில் உலக்கை விழுந்துகொண்டே இருந்தது. அந்த ஓசை என்னையே இடிப்பதுபோல் இருந்தது.

மார்கழி பாதி கழிந்த பின் ஒரு முற்பகலில் தலைவியைப் பாறைக்குழி அருகே கண்டேன். வலக்கை முடியாமல் இடக்கையால் குத்திக்கொண்டிருந்தார். நான் பொறுமை இழந்திருந்தேன்.

"அம்மிணி, அங்கே ஒரு இயந்திரம் சும்மா நிற்கிறது. இந்தத் தோளோடு இது என்ன பிடிவாதம்?"

அவர் உலக்கையை நிறுத்தவில்லை. "ஏனுங்க ஐயா, நீங்க சாமி கும்பிடறவருதானுங்க?"

"ஆமாம்."

"தெனமும் பாட்டெல்லாம் பாடறீங்க."

"ஆமாம்."

"அப்பறம் சாமிக்கு முந்தி எப்படிங்க தின்னீங்க?"

நான் திகைத்தேன். "படைத்துவிட்டுத்தானே உண்டேன்?"

"உங்க சாமிக்குப் படைச்சீங்க. அது பெரிய சாமிங்க, ஒண்ணும் சொல்லாது. எங்க சாமி கடைசி ஊட்டுக் கதிரு களத்துக்கு வார வரைக்கும் வாயத் தொறக்காதுங்க. அது தின்னாத்தான் நாங்க திங்கறது."

அதன்பின் அவர் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு விளக்கினார். ஊரில் எத்தனை வீடு உண்டோ அத்தனை வீட்டுக் கதிரும் களத்துக்கு வந்து சேர வேண்டும். அதன் பிறகே பூசாரி படையலுக்கு நாள் சொல்வார். அதுவரை முதல் வீடு அறுத்து மாதம் இரண்டு ஆகியிருந்தாலும் புதுத் தானியம் ஒருவர் நாவிலும் படக் கூடாது. அவ்வாண்டு கடைசி வீடு மேல் சரிவில் தனியாக வாழ்ந்த ஒரு முதிய பெண்மணியுடையது. அவருக்கு ஏர் இல்லை, ஆளும் இல்லை. மற்றவர்கள் தங்கள் காட்டை உழுது முடித்த பிறகே அவர் காட்டை உழுது தருவார்கள். விதைப்பு பிந்துவதால் அறுப்பும் பிந்தும். அவருக்காகத்தான் ஊர் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பின் நடுவில் நான் பதிகம் பாடி, பொங்கல் வைத்து, முதல் கவளம் உண்டிருக்கிறேன். முந்தி உண்ட அந்த இயந்திரத்தில் படையல் முடியும்வரை பழைய சாமையைக்கூட இட மாட்டார்களாம்.

"அதான் ஊருல அதுக்கு முந்தித்தின்ன மிசினுன்னு பேரு வெச்சுட்டாங்க" என்றார் தலைவி. "அதுக்கு மட்டுமில்லீங்க" என்று சேர்த்துக்கொண்டார். சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊர்த் தலைவரை ஊர்க்கவுண்டர் என்பார்கள். அவரிடம் போய், "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடி அமைதியாகச் சொன்னார்: "நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. நீங்க ஒண்ணுமே கேக்கலீங்களே. வந்த நாள்லிருந்து சொல்லிட்டேதான இருந்தீங்க."

பத்தொன்பது ஆண்டுகள் மலை ஏறியவன் நான். ஆனால் லாரி நின்ற இடம் வரையில்தான் ஏறியிருந்தேன். அன்று அதற்கு அப்பால் நடந்து மேல் சரிவுக்குப் போனேன். கடைசி வீட்டு அம்மையார் காட்டோரம் அமர்ந்து கிளி விரட்டிக்கொண்டிருந்தார். எழுபதைக் கடந்தவர்.

"வாங்க சாமி. நீங்கதான் மொதல்லயே தின்னுட்டீங்களாமே. இனி என்னத்தப் பாக்க வந்தீங்க?"

"மன்னிப்புக் கேட்க வந்தேன், ஆத்தா."

"எனக்கென்ன சாமி கோவம். எம்பட சாமைய நீங்க திங்கலீல்ல. அது இன்னும் பச்சையா நிக்குது பாருங்க."

பச்சையாகத்தான் நின்றது. மார்கழிப் பனிமூட்டம் கதிரை முதிரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். தை முடிய ஆகிவிடும் என்றார். மூன்று மாதக் கெடுவும் தைக் கடைசியில்தான் முடிகிறது. சென்னைக்குச் சொல்ல வேண்டும், இயந்திரம் போய்விடும் என்ற பதற்றத்தில் என் நாக்கு மீண்டும் என்னைக் காட்டிக்கொடுத்தது. "கொஞ்சம் முன்னதாக அறுத்துவிட்டால் என்ன, ஆத்தா?"

அவர் ஒரு கதிரைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். பால் மட்டுமே ஒட்டியது.

"அறுக்கலாம் சாமி. நீங்க சொன்னா ஊரே வந்து அறுத்துரும். ஆனா பாலோட அறுத்தா வருசம் பூரா நான் என்னத்தக் காச்சிக் குடிக்கறது? உங்க மிசினு கஞ்சி ஊத்துமா?"

நான் திரும்பி வந்தேன். வரும் வழியில் ஓதுவதற்கு நா எழவில்லை. எளியவரை முன்னிறுத்தும் இறைவனைப் பாடல்களில் தேடியவன் நான். பாட்டே இல்லாமல் அவனைத் தங்கள் நாட்காட்டியாகவே வைத்துக்கொண்டவர்கள் இவர்கள் என்ற எண்ணம் வந்தபோது, வெட்கத்தோடு ஒரு நிறைவும் சேர்ந்து வந்தது. அந்த நிறைவு இன்றளவும் குறையவில்லை.

சென்னை அதிகாரிக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பிழை என்னுடையது, ஊருடையது அன்று, இன்னும் சில நாள் தேவை என்று கேட்டேன். விடை பண்பாகவே வந்தது. தங்கள் நிலை புரிகிறது. ஆயினும் மற்ற மலைக்குச் சொல் கொடுத்தாகிவிட்டது. தைக் கடைசி நாளன்று லாரி வரும். அன்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் முடிவை மாற்றிக்கொள்ள இயலும்.

கடிதத்தைச் சங்கத்துப் பெண்களிடம் படித்துக் காட்டினேன். நான் எதிர்பார்த்தது ஒரு கெஞ்சல். அந்த அம்மையாரிடம் போய் யாரேனும் பேசுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் எல்லோரும் தலைவியின் தோளைத்தான் பார்த்தார்கள். அந்த இயந்திரம் போனால் மிகுதியாக இழப்பவர் அவர். இடக்கையால் வலத் தோளைப் பிடித்தபடி அவர் சொன்னார்: "லாரி வரட்டுங்க. அதுக்காவ அந்தாத்தாளுக்கு மின்னாடி நாம திங்க முடியுமா? போனாப் போவுது."

அதற்குப் பின் ஊர் செய்ததை நான் எந்தக் கூட்டத்திலும் கற்பித்ததில்லை. மறுநாளிலிருந்து முறை வைத்துக்கொண்டு இருவர் இருவராக மேல் சரிவுக்குப் போய்க் காவல் இருந்தார்கள். பகலில் கிளி, பொழுது சாய்ந்தால் பன்றி. களை எடுத்தார்கள். பனிமூட்டம் விலகட்டும் என்று பூசாரி ஒரு விளக்கு வைத்தார். நானும் போனேன், கிளி விரட்டும் பணி எனக்குக் கிடைத்தது. கவண் எறியத் தெரியாததால் தகரம் தட்டச் சொன்னார்கள். "பாடுங்க சாமி, கிளியெல்லாம் ஓடிரும்" என்றார் அந்த அம்மையார். பாடினேன். கிளிகள் ஓடவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தை மூன்றாம் வாரத்தில் வெயில் ஏறியது. சரிவு முழுவதும் மஞ்சளோடியது. கெடுவுக்கு நான்கு நாள் இருக்கையில் அம்மையார் ஒரு கதிரைத் தேய்த்துப் பார்த்து, "ஆச்சு" என்றார். ஒரு முற்பகலில் ஊரே சேர்ந்து அறுத்தது. இரண்டு நாள் களத்தில் காய்ந்து தாள் வேறு மணி வேறு ஆனது. பூசாரி தைக் கடைசி நாளைப் படையலுக்குக் குறித்தார். லாரி வரும் நாளும் அதுவே.

அன்று காலை ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டார். "முந்தித் தின்னவங்க படையலுக்குக் குத்தோணும். அது வழக்கமுங்க. இதுவரைக்கும் யாருக்கும் தேவைப்படல, உங்களுக்குத்தான் மொதலு." அம்மையாரின் சாமையில் ஒரு படியைப் பாறைக்குழியில் இட்டு உலக்கையை என் கையில் கொடுத்தார்கள்.

அதுவரை நான் உலக்கை பிடித்ததில்லை. முதல் குத்து குழியில் விழவில்லை. இரண்டாவதில் பாதிச் சாமை வெளியே தெறித்தது. பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஐயா, அது சாமைங்க, பாம்பில்லீங்க. மெல்ல."

"இடுப்ப வளையுங்க. கூட்டத்துல நிக்கறமாரி நிக்காதீங்க."

"உட்டுராதீங்க, இன்னும் உமியே போவல."

அரை மணியில் உள்ளங்கை கொப்புளித்தது. தோள் பற்றி எரிந்தது. இதைத்தான் இந்தப் பெண்கள் நாள்தோறும் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் இதைப் பற்றிப் பல விண்ணப்பங்கள் எழுதியிருந்தேன். அவற்றில் ஒன்றிலும் இந்த வலி இல்லை.

அந்நேரத்தில் லாரி வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். வியர்வையும் உமியுமாக நான் நிற்பதையும், பக்கத்தில் இயந்திரம் அசையாமல் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, மிஷின் இருக்கும்போது நீங்க எதுக்குக் குத்துறீங்க?"

"மிசினு ஓடறதுக்குத்தானுங்க குத்தறாரு" என்றார் ஊர்க்கவுண்டர். "வந்தது வந்தீங்க, அப்பிடி உக்காருங்க. சாமி சாப்பிடட்டும்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையோரம் அமர்ந்தார். அந்த ஒரு செயலுக்காக அவரை என்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

நான் குத்திய அரிசி பாதி நொறுங்கிப் போயிருந்தது. அதைத்தான் பொங்கினார்கள், அதைத்தான் அவர்களுடைய தெய்வம் ஏற்றுக்கொண்டது. பூசாரி முதல் கவளத்தை அம்மையாரின் கையில் வைத்தார். அவர் உண்ட பிறகு இலைகள் சுற்றி வந்தன. இம்முறை எல்லோரும் உண்டார்கள். குழந்தைகள் மறுபடி கேட்டார்கள்.

உண்டு முடிந்ததும் தலைவி எழுந்து அம்மையாரின் மூட்டையை இயந்திரத்தின் அருகே இழுத்து வைக்கச் சொன்னார். கடைசியில் அறுத்தவர் முதலில் அரைக்க வேண்டும் என்றார். அது பழைய வழக்கமா, அந்த நொடியில் பிறந்ததா, நான் அறியேன். ஆனால் ஒருவரும் மறுக்கவில்லை. என்ஜின் உறுமியது. வீடுகளிலிருந்து கூடைகளும் சாக்குகளும் வந்து வரிசையாயின. வரிசை பாதை வளைவு வரை நீண்டது. அதிகாரி அதன் ஓரமாக ஒரு முறை நடந்து போய்த் திரும்பி வந்தார். இம்முறை படம் எடுக்கவில்லை. "மற்ற மலைக்கு நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன் ஐயா" என்று மட்டும் சொன்னார். பண்ணவும் செய்தார்.

லாரி ஓட்டுநருக்குத்தான் மனம் ஆறவில்லை. "இத்தன வளைவு ஏறி வந்து சும்மாவா எறங்கறது? ஏத்தறதுக்கு ஒண்ணுமில்லீங்களா?" என்றார்.

"உமி இருக்குது. எத்தன வேணுமோ ஏத்திக்க கண்ணு" என்றார் அம்மையார்.

அதன்பின் பல ஊர்களில் இயந்திரம் வைத்தோம். எங்கே போனாலும் முதல் நாள் நான் ஒன்றும் பேசுவதில்லை. கடைசி வீடு எது என்று கேட்டு, அங்கே போய் அமர்வேன். ஆனால் இயந்திரங்களை எண்ணும்போது என் மனம் நிற்பது அந்த முதல் நாளின் பிற்பகலில்தான். தன் முறை வந்து அரைத்து முடித்த பின் தலைவி சாக்குகளின் நிழலில் அமர்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் அமர்ந்திருந்ததில்லை. கைகளை மடியில் வைத்தார், எடுத்தார், தரையில் ஊன்றினார்.

"ஏனுங்க ஐயா, இனிப் பொழுது சாயற வரைக்கும் நான் என்னங்க பண்றது?" என்று உண்மையாகவே கேட்டார்.

"தூங்கு கண்ணு" என்றார் அம்மையார்.

தலைவி சிரித்தார். பிறகு தேய்ந்த தோளை மேலே வைத்து ஒருக்களித்துச் சாக்கின்மேல் சாய்ந்தார். என்ஜின் முழங்கிக்கொண்டிருந்தது, பெண்கள் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை இரைச்சலிலும் அவர் உறங்கிப் போனார். பொழுது சாயும் வரை ஒருவரும் அவரை எழுப்பவில்லை.